தீர்ப்புக்குப் பிறகு எங்கே? அமெரிக்க மாநிலங்களில் மனநோய் வாதத்தைத் திருத்தும் வழிகள்

மனநோய் முற்றிய ஒருவர் இன்னொருவரைச் சுட்டுக் கொல்கிறார். எதிரில் நிற்பது மனிதனே இல்லை, ஒரு நாய் என்று நம்பித்தான் சுடுகிறார். அதே நோயுள்ள வேறொருவரும் ஒருவரைச் சுடுகிறார். எதிரில் நிற்பது மனிதன் என்று இவருக்குத் தெரியும். ஆனால் சுடச் சொல்லிக் கட்டளையிட்டது ஒரு நாய் என்று நம்புகிறார். கான்சஸ் மாநிலச் சட்டப்படி முதலாமவர் தப்பிக்க வழியுண்டு, இரண்டாமவருக்குக் கிடையாது. 2020 மார்ச்சில் வந்த காஹ்லர் எதிர் கான்சஸ் வழக்கில், மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்டீபன் பிரையர் வைத்த உதாரணம் இது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஆறு நீதிபதிகள் அவரோடு உடன்படவில்லை. எலினா கேகன் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான்: மனநோயையும் குற்றப் பொறுப்பையும் எப்படிப் பொருத்துவது என்பதை மாநிலங்களே முடிவு செய்யலாம், அரசியல் சாசனம் ஒரே சூத்திரத்தை எல்லோர் மீதும் திணிக்காது.

ஆக, இனி இது மாநிலச் சட்டமன்றங்களின் வேலை. மனநோயால் செய்ததற்கு நான் பொறுப்பல்ல என்று குற்றம் சாட்டப்பட்டவர் வைக்கும் வாதம்தான் மனநோய் வாதம். நான்கு மாநிலங்கள் இந்த வாதத்தையே நீக்கிவிட்டன: மொன்டானா 1979-இல், ஐடஹோ 1982-இல், யூட்டா 1983-இல், கடைசியாகக் கான்சஸ் 1990-களின் நடுவில். நெவாடாவும் 1995-இல் நீக்கிப் பார்த்தது. 2001-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றமே அது செல்லாது என்று சொல்லிவிட்டது. மற்ற மாநிலங்களில் ஆளுக்கொரு விதி. இன்று ஒரு மாநிலம் சட்டத்தைத் திருத்த உட்கார்ந்தால் அதன் முன் இருக்கும் வழிகள் என்னென்ன, எதை எடுப்பது நல்லது என்று பார்க்கலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் சண்டை போடுவது "யார் மனநோயாளி" என்று வரையறுக்கும் வாசகத்தைப் பற்றி. ஆனால் நிலைமையை உண்மையில் மாற்றுவது வேறு மூன்று கேள்விகள்: யார் நிரூபிக்க வேண்டும், தீர்ப்புக்குப் பிறகு அவர் எங்கே போவார், அவரை யார் கண்காணிப்பார்.

அதற்கு முன் ஒரு அளவுக் கணக்கு. செய்திகளைப் பார்த்தால் கொலைகாரர்கள் எல்லாரும் இந்த வாதத்தைச் சொல்லித் தப்பிக்கிறார்கள் என்று தோன்றும். 1991-இல் வெளியான எட்டு மாநில ஆய்வு ஒன்று, பெருங்குற்ற வழக்குகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே இந்த வாதம் வைக்கப்படுகிறது என்று காட்டியது. வைத்தவர்களிலும் கிட்டத்தட்ட நாலில் ஒருவருக்குத்தான் அது பலித்தது. பலித்த வழக்குகளில் பெரும்பாலானவை ஜூரி வரைக்கும் போகவே இல்லை. நாம் தொலைக்காட்சியில் பார்க்கும் வழக்கு விதிவிலக்கு. ஆனால் சட்டம் எழுதப்படுவது எப்போதும் அந்த விதிவிலக்குக்குப் பயந்துதான்.

பழைய விதியும் அதன் இடுக்கும்

1843 ஜனவரியில் லண்டனில் டேனியல் மெக்நாட்டன் என்பவர், பிரதமர் ராபர்ட் பீலின் அந்தரங்கச் செயலாளர் எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டார். ஆளும் கட்சியினர் தன்னைத் துரத்துகிறார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. ஜூரி அவரை விடுவித்தது. விக்டோரியா அரசி கொதித்துப் போனார். பிரபுக்கள் சபை நீதிபதிகளைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டது. அந்த விளக்கம்தான் மெக்நாட்டன் விதி: மனநோயால், தான் செய்வது என்னவென்றோ, அது தவறென்றோ அறியாதவர் குற்றவாளி அல்ல. நம்மவர்களுக்கு இது புதிதில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆவது பிரிவும் (இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 22), இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 77-ஆவது பிரிவும் இதே வேரில் முளைத்தவை. அமெரிக்காவிலும் பல மாநிலங்கள் ஏதோ ஒரு வடிவில் இதைத்தான் வைத்திருக்கின்றன.

இந்த விதியின் பலம், ஜூரிக்குப் புரியும் என்பது. பலவீனம் எங்கே என்பதற்கு டெக்சாஸில் நடந்த ஆண்ட்ரியா யேட்ஸ் வழக்கைவிட நல்ல பாடம் கிடையாது. 2001 ஜூன் 20 அன்று அவர் தன் ஐந்து குழந்தைகளையும் குளியல் தொட்டியில் மூழ்கடித்துக் கொன்றார். பிரசவத்துக்குப் பின் வந்த கடுமையான மனநோய் அவருக்கு இருந்தது என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. பிள்ளைகள் வளர்ந்தால் நரகத்துக்குப் போவார்கள், இப்போதே கொன்றால் காப்பாற்றலாம் என்று நம்பினார். கொன்ற பிறகு அவரே போலீஸை அழைத்தார். அரசுத் தரப்பு அதையே பிடித்துக்கொண்டது: போலீஸைக் கூப்பிட்டார் என்றால் தவறு என்று தெரிந்திருக்கிறதே! 2002-இல் ஆயுள் தண்டனை. அப்புறம்தான் ஒரு விபரீதம் தெரியவந்தது. அரசுத் தரப்பு மனநல நிபுணர், இதே மாதிரி கதை ஒரு தொலைக்காட்சித் தொடரில் சற்று முன்புதான் வந்தது என்று சாட்சியம் சொல்லியிருந்தார். அப்படி ஒரு அத்தியாயமே எடுக்கப்படவில்லை. 2005-இல் மேல்முறையீட்டில் தண்டனை ரத்தானது. 2006 ஜூலையில் இரண்டாவது ஜூரி, மனநோயால் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பளித்து அவரை அரசு மருத்துவமனைக்கு அனுப்பியது.

ஒரே பெண், ஒரே செயல், ஒரே சட்ட வாசகம், இரண்டு எதிரெதிர் தீர்ப்புகள். சட்டப்படி தவறு என்று அறிந்திருந்தாலே போதுமா, தர்மப்படி தவறு என்று உணர்ந்திருக்கவும் வேண்டுமா என்ற கேள்விக்கு மெக்நாட்டன் விதி தெளிவாகப் பதில் சொல்வதில்லை. இந்த விதியை வைத்துக்கொள்ள நினைக்கும் சட்டமன்றம் அதை ஜூரியின் ஊகத்துக்கு விட்டுவிடாமல், தர்மப்படியான தவறையும் சேர்த்தே எழுதிவிடுவது நல்லது.

அரிசோனா இதற்கு நேர்மாறாகப் போயிருக்கிறது. "என்ன செய்கிறோம் என்று தெரியாது" என்ற பாதியை வெட்டிவிட்டு, "தவறு என்று தெரியாது" என்ற பாதியை மட்டும் வைத்தது. 2006-இல் கிளார்க் எதிர் அரிசோனா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதையும் ஏற்றுக்கொண்டது. அலாஸ்காவோ மற்ற பாதியை மட்டும் வைத்திருக்கிறது. ஒரே நாட்டின் இரண்டு மாநிலங்கள் ஒரே விதியின் வெவ்வேறு பாதிகளை எடுத்துக்கொண்டு வாழ்கின்றன. அமெரிக்கச் சட்டத்தில் இது சாதாரணம்.

கட்டுப்பாடு இழந்தவர்

தவறு என்று தெரிகிறது, ஆனால் நிறுத்த முடியவில்லை. இப்படிப்பட்டவரை என்ன செய்வது? 1962-இல் அமெரிக்கச் சட்டக் கழகம் வெளியிட்ட மாதிரித் தண்டனைச் சட்டம் இவருக்கும் இடம் கொடுத்தது: தன் செயலின் தவறை உணரவோ, நடத்தையைச் சட்டத்துக்கு இணங்க வைத்துக்கொள்ளவோ போதிய திறன் இல்லாதவர் பொறுப்பாளி அல்ல. இருபதாண்டு காலம் இதுதான் முன்னேறிய சிந்தனையாக இருந்தது. 1981 மார்ச் 30 அன்று ஜான் ஹிங்க்லி அதிபர் ரீகனைச் சுட்டார். 1982 ஜூனில் இதே விதியின்படி விடுவிக்கப்பட்டார். 1984-இல் நாடாளுமன்றம் மத்தியச் சட்டத்திலிருந்து கட்டுப்பாடு பற்றிய பாதியைத் தூக்கிவிட்டது. பல மாநிலங்களும் பின்தொடர்ந்தன.

கலிஃபோர்னியா இதை அதற்கு முன்பே செய்துவிட்டது. 1982 ஜூனில் நடந்த மக்கள் வாக்கெடுப்பில் மெக்நாட்டனுக்குத் திரும்பியது. அவசரத்தில் "அல்லது" என்று வரவேண்டிய இடத்தில் "மற்றும்" என்று எழுதிவிட்டார்கள். அப்படியே படித்தால் 1843-ஐவிடக் கடுமையான விதி. கிட்டத்தட்ட யாருமே தேறமாட்டார்கள். 1985-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை "அல்லது" என்றே படிக்க வேண்டும் என்று சரிசெய்தது. கோபத்தில் சட்டம் எழுதினால் இப்படித்தான் ஆகும்.

கட்டுப்பாட்டு விதியை மீண்டும் கொண்டுவரலாமா என்று கேட்டால், எனக்குத் தயக்கம்தான். தடுக்க முடியாத உந்துதலையும் தடுக்காமல் விட்ட உந்துதலையும் பிரித்துச் சொல்லும் கருவி மனநல மருத்துவர்களிடமே இல்லை என்று 1982-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளிப்படையாகச் சொன்னது. இந்தப் பிரிவு இல்லாமல் அநியாயமாகத் தண்டிக்கப்படுபவர் சிலர் இருப்பார்கள். அவர்களுக்குத் தண்டனைக் குறைப்பு நேரத்தில் இடம் கொடுப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

வாதத்தையே ஒழிப்பது

கான்சஸ் வழியில், மனநோயை ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் சாட்சியமாகக் கொண்டுவரலாம்: கொல்லும் எண்ணமே இல்லை என்று காட்ட. நாய் என்று நினைத்துச் சுட்டவருக்கு மனிதனைக் கொல்லும் எண்ணம் இல்லை, சரி. யேட்ஸுக்கு இருந்தது. கொல்லத்தான் நினைத்தார், கொன்றார். கான்சஸில் அவர் நேராகக் குற்றவாளி. மனநோயெல்லாம் தண்டனையின் அளவைத் தீர்மானிக்கும்போதுதான் பேச்சுக்கு வரும்.

ஒழித்தவர்கள் சொல்லும் நியாயம் கேட்கச் சுலபமானது: நிபுணர்களின் சண்டை குறையும், யாரும் தப்பமாட்டார்கள். மொன்டானாவில் என்ன நடந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் பார்த்தார்கள். முன்பு மனநோய் வாதத்தில் விடுபட்டிருக்கக்கூடியவர்கள், ஒழிப்புக்குப் பிறகு "விசாரணையை எதிர்கொள்ளத் தகுதியில்லாதவர்கள்" என்ற தீர்ப்பில் வழக்கு தள்ளுபடியாகி, அதே மருத்துவமனையின் அதே வார்டுகளில் போய்ச் சேர்ந்தார்கள். முன்வாசலைச் சாத்தியதும் கூட்டம் கொல்லைப்புற வழியாக உள்ளே வந்துவிட்டது.

அந்தக் கொல்லைப்புற வழி இன்று என்ன நிலையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். விசாரணையை எதிர்கொள்ளும் தகுதியைச் சோதிக்கவும் மீட்கவும் மருத்துவமனைப் படுக்கைக்குக் காத்திருக்கும் கைதிகள் பல மாநிலங்களில் சிறையிலேயே வாரக்கணக்கில் கிடக்கிறார்கள். வாஷிங்டன் மாநிலம் இதற்காகவே தொடரப்பட்ட ட்ரூப்ளட் வழக்கில் நீதிமன்ற உத்தரவை மீறியதற்கு, 2023-இல் 10 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லி மத்திய நீதிபதி உத்தரவிட்டார். ஏற்கெனவே நெரியும் வரிசையில் இன்னும் ஆட்களைத் தள்ளும் திட்டத்தைச் சிக்கனம் என்று எப்படிச் சொல்வது?

"குற்றவாளிதான், ஆனால் மனநோயாளி"

எல்லா வழிகளிலும் எனக்கு அறவே பிடிக்காதது இது. 1974-இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம், மனநோய் வாதத்தில் விடுபட்டவர்களைத் தனி விசாரணை இல்லாமல் தானாக அடைத்து வைக்கக் கூடாது என்றது. பலர் வெளியே வந்தார்கள். அவர்களில் இருவர் மறுபடி கொடிய குற்றம் செய்தார்கள். ஊர் கொந்தளித்தது. 1975-இல் மிச்சிகன் மூன்றாவது தீர்ப்பு ஒன்றைக் கண்டுபிடித்தது: குற்றவாளிதான், ஆனால் மனநோயாளி. ஹிங்க்லி வழக்கை ஒட்டிய ஆண்டுகளில் இல்லினாய், ஜார்ஜியா, பென்சில்வேனியா என்று பரவியது.

ஜூரிக்கு இது மனச்சாட்சிக்கு இதமான நடுவழி. குற்றமும் நிலைக்கிறது, நோயையும் ஒப்புக்கொண்டாயிற்று, ஆசாமி மருத்துவரிடம் போவார் என்று நம்பி வீட்டுக்குப் போகிறார்கள். நடப்பது வேறு. தண்டனை வழக்கமான தண்டனைதான், இடம் பெரும்பாலும் சிறைதான். சிகிச்சை, மற்றக் கைதிகளுக்கு என்ன கிடைக்குமோ அதுவே. பென்சில்வேனியாவில் ஜான் டு பான்ட் 1996 ஜனவரியில் ஒலிம்பிக் மல்யுத்த வீரர் டேவ் ஷல்ட்ஸைச் சுட்டுக் கொன்ற வழக்கில் இந்தத் தீர்ப்பு வந்தது. 13 முதல் 30 ஆண்டு தண்டனை பெற்று, 2010-இல் சிறையிலேயே இறந்தார். தென் கரோலினாவில் 1988-இல் ஒரு தொடக்கப் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில், இந்தத் தீர்ப்பின் கீழ் குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு மரண தண்டனையே விதித்தார்கள். நோயாளி என்று நீதிமன்றமே எழுதிக் கொடுத்துவிட்டு மரண தண்டனை! உண்மையாகவே விடுவிக்கப்பட வேண்டியவரை இந்த நடுவழி இழுத்துக்கொள்ளும் அபாயம்தான் மிச்சம். மசோதாவில் இதைச் சேர்க்கச் சொல்லி யாராவது வந்தால், சிகிச்சைக்குத் தனி நிதி எங்கே என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

ஒரிகன் செய்தது

1978-இல் ஒரிகன் மாநிலம் இந்தக் கேள்வியை மறுமுனையிலிருந்து அணுகியது. யார் மனநோயாளி என்ற விவாதத்தை அப்படியே விட்டுவிட்டு, தீர்ப்புக்குப் பின் என்ன என்பதற்கு ஓர் அமைப்பைக் கட்டியது: மனநலப் பாதுகாப்பு மறுஆய்வு வாரியம். ஒரு மனநல மருத்துவர், ஓர் உளவியலாளர், ஒரு வழக்கறிஞர், பரோல் துறையில் அனுபவமுள்ள ஒருவர், பொதுமக்களில் ஒருவர். மனநோய் வாதத்தில் தீர்ப்பு பெற்றவர் இந்த வாரியத்தின் பொறுப்பில் வருகிறார். அவரை மருத்துவமனையில் வைப்பதா, நிபந்தனையோடு ஊருக்குள் விடுவதா, நிபந்தனை மீறினால் திரும்ப அழைப்பதா என்று வாரியமே முடிவு செய்யும். மக்களின் பாதுகாப்பே முதல் அக்கறை என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். குற்றவாளியாகியிருந்தால் அதிகபட்சம் எத்தனை ஆண்டு கிடைத்திருக்குமோ அத்தனை ஆண்டு வரை வாரியத்தின் பிடி இருக்கும். கனெக்டிகட் 1985-இல் இதைப் பின்பற்றியது.

இதன் அருமை, மற்ற இடங்களில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் விளங்கும். 1975-இல் ஒருவர் ஒரு ஜாக்கெட்டைத் திருட முயன்று வாஷிங்டன் டி.சி.யில் பிடிபட்டார். அதிகபட்சத் தண்டனை ஓராண்டு. மனநோய் வாதத்தில் "விடுதலை" பெற்று மருத்துவமனைக்குப் போனவர், அந்த ஓராண்டு கடந்தும் வெளியே வர முடியவில்லை. 1983-இல் ஜோன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதில் தவறில்லை என்றது. நோய் தீர்ந்த பிறகும், ஆபத்தானவர் என்று மட்டும் சொல்லி அடைத்து வைக்கக் கூடாது என்ற எல்லையை 1992-இல் ஃபோச்சா வழக்கில்தான் போட்டது. ஹிங்க்லியே செயின்ட் எலிசபெத் மருத்துவமனையிலிருந்து 2016-இல்தான் வெளியே வந்து வாழ அனுமதி பெற்றார். 2022 ஜூனில்தான் எல்லா நிபந்தனைகளும் நீங்கின. "தப்பித்துவிட்டார்" என்று 1982-இல் கத்தியவர்கள் யாரும் இந்த நாற்பதாண்டுக் கணக்கைப் பார்க்கவில்லை.

ஒரிகன் முறையிலும் குறை உண்டு. பணம் பிடிக்கும். மருத்துவமனைப் படுக்கை, ஊருக்குள் விடுதி, நிபந்தனை விடுதலையில் இருப்பவரைப் பார்க்கச் செல்லும் ஊழியர் எல்லாம் தொடர்ச்சியாக வேண்டும். ஒரிகன் அரசு மருத்துவமனையே விசாரணைத் தகுதிக் கைதிகளை ஏழு நாளுக்குள் சேர்க்க வேண்டும் என்ற 2002-ஆம் ஆண்டு நீதிமன்ற உத்தரவோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறது.

இரண்டு சின்னத் திருகுகள்

வாசகத்தை மாற்றுவதைவிட நிரூபிக்கும் சுமையை மாற்றுவது அதிகம் வேலை செய்கிறது. ஹிங்க்லி வழக்கில் அவர் மனநலத்தோடு இருந்தார் என்று அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியிருந்தது, முடியவில்லை. அதற்குப் பிறகு பெரும்பாலான மாநிலங்கள் சுமையை எதிர்த்தரப்பின் தலையில் வைத்தன. கலிஃபோர்னியா வாசகத்தை மாற்றியபோது வழக்குகளின் எண்ணிக்கையிலும் முடிவிலும் பெரிய மாற்றம் தெரியவில்லை என்றும், நியூயார்க்கும் ஜார்ஜியாவும் சுமையை மாற்றியபோது இந்த வாதத்தை வைப்பவர்கள் குறைந்தார்கள் என்றும் ஆய்வுகள் கண்டன. கொலராடோ இன்னமும் சுமையை அரசுத் தரப்பிலேயே வைத்திருக்கிறது. 2012-இல் அரோரா திரையரங்கில் 12 பேரைக் கொன்றவரை அங்கே 2015-இல் ஜூரி குற்றவாளி என்றே தீர்ப்பளித்தது. சுமை அரசிடம் இருந்தால் கொலைகாரர்கள் எல்லாம் வெளியே வந்துவிடுவார்கள் என்ற பயத்துக்கு இதுவே போதுமான பதில். எதிர்த்தரப்பிடம் சுமையைக் கொடுத்தாலும் "இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே வாய்ப்பு அதிகம்" என்ற அளவில் நிறுத்தலாம். 1984-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் கேட்கும் உயர்ந்த அளவு தேவையில்லை.

இரண்டாவது, ஜூரியிடம் உண்மையைச் சொல்வது. மனநோய்த் தீர்ப்பு வந்தால் ஆள் தெருவுக்கு வரமாட்டார், மருத்துவமனைக்குப் போவார் என்பதை ஜூரியிடம் சொல்லவே கூடாது என்று டெக்சாஸ் சட்டம் தடுக்கிறது. மத்திய நீதிமன்றங்களிலும் சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை என்று 1994-இல் ஷானன் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. ஐந்து குழந்தைகளைக் கொன்றவர் நாளைக் காலை வீட்டுக்குப் போய்விடுவார் என்று நினைக்கும் ஜூரி எப்படி நிதானமாக முடிவெடுக்கும்? இதைத் திருத்த ஒரு வரி போதும், பைசா செலவில்லை.

என் கையில் மசோதா இருந்தால் இப்படி எழுதுவேன். மெக்நாட்டன் வாசகம், இரண்டு பாதிகளோடும், தர்மப்படியான தவறையும் சேர்த்து. சுமை எதிர்த்தரப்பிடம், குறைந்த அளவில். ஜூரிக்கு விளைவு பற்றிய அறிவுறுத்தல் கட்டாயம். மூன்றாவது தீர்ப்பு வேண்டாம். ஒரிகன் மாதிரி வாரியம், அதன் படுக்கைகளுக்கும் ஊழியர்களுக்கும் ஒதுக்கீடு அதே மசோதாவில். அந்த ஒதுக்கீடு இல்லாமல் வாரியம் மட்டும் நிறைவேறினால் ஒழிப்பைவிடச் சற்றே மேல், அவ்வளவுதான். கூடவே ஒரு விதிவிலக்கு: சில்லறைக் குற்றங்களை வாரியத்தின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. ஜாக்கெட் திருட முயன்றவருக்குச் சாதாரண மனநல சிகிச்சையும் ஒரு சமூக சேவகரும் போதும்.